கோட்டுக்கு வலப்பக்கம்

திரையில் படத்தின் நடுவே இருந்த கோட்டை அவள் இடது ஓரத்துக்குத் தள்ளினாள்.

தங்கையின் கையில் இருந்த தடம் மறைந்தது.

வலது ஓரத்துக்கு இழுத்தாள்.

வந்துவிட்டது.

கல்யாணப் படம் எடுக்கும் குணசீலனுக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தாள். படங்களைக் கொட்டிக் குவித்தால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள், கொஞ்சமாக வையுங்கள், பெரிதாக வையுங்கள் என்று அவருக்குப் பாடமே எடுத்திருந்தாள். எடிட்டிங் திறமையைக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்றதும் அவள்தான். ஒரே படம், நடுவில் நகரும் ஒரு கோடு. இடப்பக்கம் எடுத்தபடி. வலப்பக்கம் திருத்திய பின்.

மாதிரிக்கு அவர் அனுப்பியது தங்கை சிந்துஜாவின் படம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

“மேடம், நம்ம தங்கச்சி படத்தையே வைங்க. கையில ஏதோ ரத்தம் கட்டியிருந்துச்சு. இப்ப இருந்த இடமே தெரியாது பாருங்க.”

கல்யாணம் முடிந்த கையோடு ஏற்காட்டில் எடுத்தது. திருத்தியது வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அம்மா தினமும் கண்ணாடியைத் துடைக்கிறாள்.

சிந்துஜா சிரிக்கிறாள். மாப்பிள்ளையின் கை அவள் தோளை அணைத்திருக்கிறது.

அதற்குச் சற்றுக் கீழே, கருநீலமாக, நான்கு விரல்கள்.

தோளில் இருக்கும் விரல்களின் அதே அகலம்.

அடப்பாவி என்று வாய் முணுமுணுத்தது. யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

தலை தீபாவளிக்கு சிந்துஜா முழுக்கை ஜாக்கெட்டில் வந்து இறங்கினாள். இந்தப் புழுக்கத்தில் இது என்னடி வேஷம், டீச்சர் வேலைக்கா போகிறாய் என்று இவள்தான் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தாள். வீடே சிரித்தது. சிந்துஜாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பும் இந்தப் படத்துச் சிரிப்பும் ஒன்றுதான்.

தங்கைக்குப் போன் போட்டாள். சிந்துஜாவே எடுத்தாள். என்னக்கா இந்த நேரத்தில், சாப்பிட்டாயா என்று வழக்கம்போல ஆரம்பித்தாள்.

“உன் ஏற்காட்டுப் படத்தைப் பார்த்தேன்டி. எடிட் பண்ணாதத.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. யாரும் அணைக்கவில்லை.

பிறகு கதவைச் சாத்தும் சத்தம்.

“அதை அழிச்சிடுறேன்னு போட்டோக்காரர் சொன்னாரேக்கா.”