எதிரணியில் ஒருவர்

இன்றைக்கு வைத்தீஸ்வரனை அறுத்துவிடுவது என்று கிளெமென்ட் முடிவு கட்டியபோது அவன் கையில் கத்தி இருந்தது. எதிரே நுரை பூசிய ஒரு முகம். கண்ணாடியில் தெரிந்த அவனுடைய முகமேதான்.

"மெதுவா இழுங்க. கோவத்துல தாடையையே எடுத்துடப் போறீங்க" என்றாள் மனைவி ஃபிலோமினா, இஸ்திரி போட்ட சட்டையை நீட்டியபடி.

"தாடை கிடக்கட்டும். இன்னிக்கு அந்தப் பெரிய மனுஷன் மூக்கு அறுபடுது பாரு."

அன்று மாலை அல்சூரில் பட்டிமன்றம். 'ஊரடங்கு: உயிரைக் காத்ததா, வயிற்றில் அடித்ததா?' கொரோனா வந்து ஐந்து வருடம் ஆகியும் பெங்களூரில் இந்த வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை. 'உயிர்' அணிக்குத் தலைவர் வைத்தீஸ்வரன், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தெரு நலச்சங்கத்தின் செயலாளர். 'வயிறு' அணியில் கெஞ்சிக் கூத்தாடி மூன்றாவது இடம் பிடித்தவன் கிளெமென்ட்.

தமிழ்ப் பற்றெல்லாம் இல்லை. பட்டிமன்ற மேடையில் எதிரணியை எப்படி வாரினாலும் நகைச்சுவை என்று கைதட்டுவார்கள், கோபித்துக்கொள்வது மரபில்லை. நாலு வருடமாகத் தெருவில் சொல்ல முடியாததைச் சொல்ல அதைவிட வசதி வேறு எங்கே?

இருவருக்கும் பிரேசர் டவுனில் ஒரே தெரு. இரண்டாம் அலையில் சலூன்களை மூடச் சொன்னபோது, கிளெமென்ட் முன்பக்க ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாக முடிவெட்டிக்கொண்டிருந்தான். யாரோ போட்டுக்கொடுத்தார்கள், கடைக்குச் சீல். பூட்டிக் கிடந்த இடத்தைக் கட்டிடக்காரர் ஒரு கேக் கடைக்கு விட்டுவிட்டார். பன்னிரண்டு வருடம் முதலாளியாக நின்றவன் இப்போது காக்ஸ் டவுனில் யாருடைய ஏசி சலூனிலோ யூனிஃபார்ம் போட்டு நிற்கிறான்.

போட்டுக்கொடுத்தது யார் என்பதற்கும் ஆதாரம் இருந்தது. முடிவெட்ட வரும் ஒரு போலீஸ்காரர் அவன் காதில் போட்ட விஷயம்: புகார் வந்தது லேண்ட்லைனிலிருந்து. அந்தத் தெருவிலேயே லேண்ட்லைன் வைத்திருந்தது வைத்தீஸ்வரன் வீடு ஒன்றுதான். அன்றோடு நின்றது வணக்கம். ஊரடங்கு தொடங்கியதிலிருந்தே மகளை ஆன்லைன் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு ஃபிலோமினா தினமும் அந்த வீட்டுக்குப் போய் வைஃபைக்கு உட்கார்ந்ததை மட்டும் கிளெமென்ட் தடுக்கவில்லை. பகை வேறு, வைஃபை வேறு என்ற பெருந்தன்மை.

அரங்கு நிறைந்திருந்தது. பெண்கள் வரிசையில் வைத்தீஸ்வரனின் மனைவி ராஜலக்ஷ்மிக்குப் பக்கத்து நாற்காலியில் ஃபிலோமினா. வேறு இடம் கிடைக்கவில்லையாம்.

"நடுவர் அவர்களே! மூடின கடையைத் திறந்துக்கலாம். மூடின கண்ணைத் திறக்க முடியுமா?" என்று வைத்தீஸ்வரன் முடித்தபோது நல்ல கைதட்டல். கிளெமென்ட் தன் முறைக்குக் காத்திருந்தான்.

"நடுவர் அவர்களே! எதிரணித் தலைவருக்கு ஒண்ணாம் தேதியானா பென்ஷன் வருது. கொரோனா வந்தாலும் வரும், கொரோனாவோட தாத்தா வந்தாலும் வரும். என் கத்திரிக்கு யாரு பென்ஷன் குடுப்பா?"

அரங்கு அதிர்ந்தது. அவன் குரலை இறக்கினான்.

"சார் வீட்டுல ஒரு லேண்ட்லைன் இருக்கு. ரொம்ப ராசியான போனு. ஒரே ஒரு கால் போச்சு, என் கடை காலி! பக்கத்துல இருக்கறவன் வயித்துல அடிச்சுட்டு இங்க வந்து உசிரு, உசிருங்கறாரு. எங்க வீட்ல மூணு பேரு இருக்கோமே, அது உசிரு இல்லியா சார்?"

சிரிப்பு பாதியில் நின்றது. தெருக்காரர்கள் எல்லோரும் வைத்தீஸ்வரனையே பார்த்தார்கள். நடுவர் மணியை அடித்துவிட்டு, "தலைவர் பதில் சொல்லலாம்" என்றார்.

வைத்தீஸ்வரன் எழுந்து மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார். பெண்கள் வரிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வயிற்றுக்குச் சாதகமாக வந்தது. பொன்னாடைக்குக்கூட நிற்காமல் வைத்தீஸ்வரன் மனைவியை அழைத்துக்கொண்டு புறப்பட்டதை கிளெமென்ட் கண் குளிரப் பார்த்தான்.

வீடு திரும்பும் ஆட்டோ அல்சூர் ஏரியைத் தாண்டும்போது தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்து விழுந்தது. 'செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வைத்தீஸ்வரன்.'

"பாத்தியா? ஓடிட்டான்!" கிளெமென்ட் தொடையில் தட்டிக்கொண்டான். "இது பத்தாது ஃபிலோ. நான் பேசுன வீடியோவை காலைல குரூப்புல போடறேன். தெருவே காறித் துப்பணும். வீட்டை வித்துட்டுப் போகணும் அந்த ஆளு."

ஃபிலோமினா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைக்குச் சீல் வெச்ச அந்த வாரம் பின்வாசல்ல முடிவெட்டிக்க வந்தவங்கள்ல எத்தன பேரு இப்ப இல்ல?"

"ரெண்டு பேரு. அதுக்கென்ன இப்போ?"

"உங்களுக்கு அப்ப சுகர் எவ்ளோ இருந்துச்சு?"

"முன்னூத்திச் சொச்சம். கடைய மூடுங்க, மூடுங்கன்னு நீயும் அழுதே, நான் கேக்கல. என்னடி, ஜெயிச்சுட்டு வந்திருக்கேன், நீயும் எதிரணிக்குப் போயிட்டியா?"

அவள் கையை நீட்டி, அவன் கையிலிருந்த செல்போனை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"அவங்க வீட்ல இருந்து போன் பண்ணது நான்."