ரெண்டு பேர் கையெழுத்து

"கணக்குக் குடுக்கக் கெடு தாண்டினதுக்குப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபா அபராதம். இன்னைக்குக் கட்டலைன்னா கம்பெனி பேரையே பதிவுலருந்து அடிச்சிடுவோம்" என்றார் கம்பெனிப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா.

பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பெஞ்சின் இரு முனைகளில் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். பட்டறையைக்கூட ஒருவர் பகலிலும் மற்றவர் ராத்திரியிலும்தான் நடத்தினார்கள். நடுவில் கணக்குப் பார்க்கும் தங்கச்சி.

அண்ணனுக்குத் தங்கச்சி மேல் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு வருஷமா இதே கூத்து! நேரத்துக்குக் கணக்குக் குடுக்க உனக்கு என்ன வலிக்குது? அவனையே கட்டச் சொல்லு."

"நான் ஏன் கட்டணும்? பெரியவரைக் கட்டச் சொல்லு" என்று தம்பி சுவரிடம் சொன்னான்.

தங்கச்சி தன் கைப்பையோடு பணம் கட்டும் அறைக்குப் போனாள்.

குமாஸ்தா தலையை நீட்டினார். "அந்தம்மாவைத் திட்டாதீங்க சார். வருஷா வருஷம் கெடுவுக்கு முன்னாடியே வந்துடுறாங்க. 'இப்பக் குடுத்தா ஒருத்தர் கையெழுத்து போதும், கெடு தாண்டினா ரெண்டு பேரும் நேர்ல வரணும், இல்லையா?'ன்னு கேட்டுட்டு, கணக்குத் தாளைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுறாங்க."

அவள் ரசீதோடு வந்தாள். அண்ணன் அதைப் பிடுங்கிப் பார்த்தான். தம்பி பக்கம் திரும்பினான்.

"டேய்! பாப்பா காசைத் திருப்பிக் குடுக்கணும். பாதி நீ, பாதி நான்."

"சரிண்ணே" என்று தம்பி சட்டைப் பையில் கையை விட்டான். "அடுத்த வருஷம் கெடுவுக்குள்ள கணக்கைக் குடுத்துடு பாப்பா. நாங்க சும்மாவே சேர்ந்து வர்றோம்."