கதவடிப் பாய்

"அந்த வலைக்கயிறை எடு. இண்டையில இருந்து இவன்ர காலை உந்தக் கப்பில கட்டித்தான் படுக்க விடுறது."

அப்பா தகரக் கொட்டிலின் கூரையைத் தாங்கும் நடுக் கப்பைக் காட்டினார். தம்பி ஜெனோஜன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். ஆறு வயது. தான் என்ன பிழை செய்தேன் என்றே அவனுக்குத் தெரியாது.

விடிய அவனைக் கூட்டிவந்த றஞ்சிதம் மாமி இன்னும் வேலிப் படலையடியில்தான் நின்றார்.

"கடற்கரைக்கு மீன் எடுக்கப் போனனான் பிலிப்பு. பிள்ளை முழங்கால் தண்ணியில நிக்குது. கண் திறந்திருக்கு, ஆனா என்னைத் தெரியேல்லை. 'வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்' எண்டு சொல்லிக்கொண்டு நிக்குது. இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா..." மாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கேட்டியே அருளம்மா? நித்திரையில வீட்டில இருந்து எழும்பி வீட்டுக்குப் போறாராம் துரை!"

போர் முடிந்து, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமை விட்டு நாங்கள் பேசாலைக்குத் திரும்பி வந்து சில மாதங்கள்தான். திரும்பி வந்தது அப்பாவும் அம்மாவும். நானும் தம்பியும் முகாமில் பிறந்தவர்கள். அந்த ஒற்றை அறையும், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சிரிப்பும், பாம்பன் பக்கம் போகிற ரயிலின் சத்தமும்தான் எங்களுக்கு வீடு. பேசாலையில் அப்போது ரயில் ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கும் லேசில் நித்திரை வராது. அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாது.

"அந்த முகாமில நான் இருபது வருசம் கிடந்தனான். ஒரு நாள் ஊரை நினைச்சுக் கலங்கியிருப்பனோ? இவளிட்டக் கேட்டுப் பாருங்கோ" என்றார் மாமியிடம்.

அம்மா குனிந்து தம்பியின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"கட்டுறதெண்டா டொக்டரிட்டக் கேட்டிட்டுக் கட்டுவம்" என்றார்.

மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர் தம்பியின் கன்னத்தைத் தட்டினார்.

"கட்டக் கூடாது ஐயா. சத்தம் போட்டு எழுப்பவும் கூடாது. தோளில பிடிச்சு மெல்லக் கூட்டிவந்து படுக்க வையுங்கோ. கதவுக்கு உயரத்தில ஒரு கொண்டி போடுங்கோ. கனக்கப் பிள்ளையளுக்கு இது இருக்கு. வளர வளர நிண்டிடும்."

பிறகு நிமிர்ந்து கேட்டார். "குடும்பத்தில வேற ஆருக்கும் இருந்ததோ?"

"எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்லை டொக்டர்!" அப்பா அவசரமாகச் சொன்னார்.

"என்ர பக்கம்தான். சின்னனில எனக்கு இருந்தது" என்றார் அம்மா.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பஸ்ஸில் வரும்போது தம்பி அம்மாவின் மடியில் தூங்கிப்போனான். அப்பா ஆரம்பித்தார்.

"கலியாணம் பேசேக்க உன்ர ஆக்கள் இதைச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா சீதனம் கூடக் கேட்டிருப்பன்."

"முகாமில தர என்ன இருந்தது? ஒரு பாய்தான். அதையும் தந்தவைதானே."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "உன்ர சீதனச் சாமான். நீயே காவல் கிட" என்றார். கயிற்றுப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று மாலை அம்மா தன் பாயைக் கொண்டுவந்து கதவடியில் குறுக்கே போட்டார். எனக்கு முகாம் ஞாபகம் வந்தது. அங்கேயும் அம்மா அப்படித்தான் படுப்பார், என்ன வெக்கையிலும். பக்கத்து அறைச் சிவலட்சுமி அக்கா விடமாட்டார்.

"என்ன அருளம்மா, மனுசன் ஓடிப்போயிடுமெண்டு காவலோ?"

"ஓம். வடிவான மனுசனல்லோ" என்பார் அம்மா. எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் வெட்கப்பட்டு வெளியே போய்விடுவார். ஊருக்கு வந்த பிறகுதான் அம்மா உள்ளே எங்களோடு படுக்கத் தொடங்கினார்.

அப்பா வெளியே முற்றத்தில் இருந்து, கதவின் உச்சியில் போடுவதற்கு ஒரு பழைய கொண்டியைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அம்மா, உங்களுக்கு உண்மையா நித்திரையில நடக்கிற வருத்தம் இருந்ததோ?"

"இல்லை."

"பிறகேன் டொக்டரிட்டப் பொய் சொன்னனீங்கள்?"

"மெல்லக் கதை."

"முகாமில தம்பி ஒரு நாளும் நடக்கேல்லையே. நானும் நடக்கேல்லை. அங்க ஏன் கதவடியில படுத்தனீங்கள்?"

வெளியே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் பாயின் சுருக்கத்தை நீவினார்.

"அங்க கொப்பர்தான் நித்திரையில எழும்பிடுவார் பிள்ளை. கண் திறந்திருக்கும், என்னைத் தெரியாது. 'வீட்ட போவம் வா, வீட்ட போவம் வா' எண்டு கடற்கரைப் பக்கம் நடக்கிறவர். பொலிஸ் கண்டா என்னெண்டு நினைக்கும்? தோளில பிடிச்சு, 'வீடு வந்திட்டுது, படுங்கோ' எண்டு சொன்னாப் படுத்திடுவார். பேசாலைக்கு வந்த அண்டையோட நிண்டிட்டுது."

"அப்பாவுக்குத் தெரியாதோ?"

"ஒரு நாளும் கலங்கேல்லை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிற மனுசன். அது அப்பிடியே இருக்கட்டும்."