பச்சை வீடு

"என் வீட்டைச் சிவப்புல போட்டுடுங்க மேடம்."

வரைபடப் பொறியாளரின் கையிலிருந்த டீ தம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. புதிய வெள்ள அபாய வரைபடத்தை அலுவலக வாசலில் ஒட்டி மூன்று நாள் ஆகிறது. வந்தவர்கள் எல்லோரும் சிவப்பைப் பச்சையாக்கச் சொல்லித்தான் அவள் உயிரை எடுத்தார்கள். பச்சையைச் சிவப்பாக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இந்தத் தையல்காரர்தான். கழுத்தில் அளவு நாடா தொங்க, கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"எந்த வீடு?"

"கால்வாய் முனையில கடைசி வீடு. ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம் வெள்ளத்துக்கு அப்புறம் கட்டின கிடங்கு."

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பழைய வரைபடத்தில் சிவப்பாக இருந்ததை அவளே நேரில் போய்ப் பார்த்துப் பச்சையாக்கிய வீடு. அதை மேலதிகாரியிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

"சிவப்புன்னா வீட்டை எவனும் வாங்க மாட்டான், தெரியுமில்ல?"

"வாங்கக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன். பச்சையா இருக்குன்னு காட்டி என் மகன் விலை பேசிட்டான். நாளைக்குப் பத்திரம். அந்த வீட்டை வித்துத் தலைமுழுகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

கதை அப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டாள். அப்பன் மகன் தகராறுக்கு அவள் வரைபடம்தானா கிடைத்தது?

"ஐயா, உங்க வீட்டுச் சண்டையை இங்க தீர்க்க முடியாது."

"சண்டை இல்லம்மா. வாங்குறவங்க ரெண்டு பொண்ணுங்களோட வந்து பார்த்தாங்க. கவுன் தைக்க முக்கால் மீட்டர் துணி போதும். அவ்வளவுதான் உயரம்."

அவள் கோப்பை உருவி அவர் முன்னால் விரித்தாள்.

"தண்ணி ஏறின வீட்டுச் சுவத்துல சேத்துக் கோடு விழும். அந்தக் கோட்டை அளந்துதான் இந்த வரைபடமே போட்டோம். உங்க சுவரு பளிச்சுன்னு இருக்கு, போட்டோவைப் பாருங்க. குடியிருக்கிறது ஒரு ஆள். கணுக்கால் அளவுதான் தண்ணி வந்துச்சுன்னு நீங்களே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டேன்."

"இப்ப மாத்திப் பேசறீங்க."

"அன்னிக்குச் சொல்ல வாய் வரல. கோடு இருந்துச்சு மேடம். அதைப் பார்த்துக்கிட்டே என்னால ஒரு வாய் சாப்பிட முடியல. உள்ளேயும் வெளியேயும் மூணு தடவை பெயின்ட் அடிச்சேன். மூணாவது தடவைதான் மறைஞ்சுது. நீங்க அதுக்கு அப்புறம்தான் அளக்க வந்தீங்க."

பொறியாளர் அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுவரே இல்லாத வீடு. மூன்று பூச்சுப் பெயின்டை நம்பி, இருந்த சிவப்பை அழித்துவிட்டாள்.

"எவ்வளவு வந்துச்சு? முழங்காலா, இடுப்பா?"

"தண்ணி வந்தப்ப நான் கடையில மாட்டிக்கிட்டேன். கல்யாண ஆர்டர். ஆனா அளவு தெரியும்."

துணியில் குறி போடும் சாக்பீஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு தையல்காரர் எழுந்தார். நாடாவின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுநுனியை அலுவலகச் சுவரில் ஏற்றிக்கொண்டே போனார். நாடா தீர்ந்த இடத்திலிருந்து மறுபடி அளந்து, தன் தலைக்கும் மேலே ஒரு கோடு இழுத்தார்.

"இது தண்ணி."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சிவப்புப் பேனாவைத் தேடி மேஜையைக் கலைத்தாள்.

"மாத்திடறேன் ஐயா, இப்பவே மாத்திடறேன். நல்லவேளை, நீங்க வந்து சொன்னீங்க."

தையல்காரர் இன்னும் சுவரைவிட்டு நகரவில்லை. இந்த முறை அவருக்கு நாடா தேவைப்படவில்லை. தன் தோளுக்கு நேராக இன்னொரு கோடு இழுத்தார்.

"இது என் சம்சாரம்."