சூடு சொன்ன சாட்சி

வெளிக் கேற் படாரென்று மதிலில் மோதியது. ஓட்டோ நிற்பதற்குள் இறங்கிய நபீஸா, நேரே ஹோலுக்குள் போய் அம்ப்ளிஃபையர் செட்டின் முன்னால் நின்றாள். முகப்பில் மிளகாய் விதையளவு சிவப்பு வெளிச்சம். மேலே உள்ளங்கையை வைத்தாள்.

யாரோ இப்போதுதான் குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையின் சூடு.

"மாமி, வாங்க. நீங்களும் தொட்டுப் பாருங்க. பொறகு நபீஸா சும்மா கதைக்கிறாள் எண்டு ஒருத்தரும் செல்லப்படா."

மூச்சு வாங்கப் பின்னால் வந்த சபியா உம்மா, நபீஸாவின் வாப்பாவுடைய தங்கை. முழங்கால் வலிக்காரி. ஆனால் அவள் வாயிலிருந்து புறப்பட்ட கதை அன்றைக்கே நற்பிட்டிமுனை ஊர் முழுவதும் நடந்துவிடும். நபீஸா அவளைக் கூட்டி வந்ததே அதற்காகத்தான்.

சபியா உம்மா தொட்டுப் பார்த்தாள். "ஓம், சூடாத்தான் இரிக்கி."

அறைக்குள்ளிருந்து வெள்ளைச் சேலையோடு றம்ஸியா வந்தாள். நபீஸாவின் தம்பி இன்ஸாபின் மனைவி. அவன் மௌத்தாகி ஒரு மாதம். கணவன் இறந்து நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருப்பவள் வாசலைத் தாண்டக் கூடாது. பாட்டு, கூத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

"தம்பிட கபுறு மண் இன்னம் காயல்ல. உனக்குப் பாட்டுக் கேக்குதா?"

"நான் அதத் தொடவே இல்ல மதினி. அவர் கடைசியா நிப்பாட்டினபடிதான் கிடக்கு."

"அப்ப செட்டுக்குக் காய்ச்சலாக்கும். பனடோல் குடுத்துப் பாப்பமா?" நபீஸா மாமியின் பக்கம் திரும்பினாள். "காலத்தால வந்தாலும் சூடு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு வந்தாலும் சூடு. ராவு பகலா இவக்குப் பாட்டுத்தான்."

"சத்தம் ஒருத்தருக்கும் கேக்கல்லியே புள்ள," சபியா உம்மா இழுத்தாள்.

"காதுல மாட்டிக் கேக்கிற சாமானயும் சேத்துத்தானே தம்பி கட்டார்லரிந்து கொண்டு வந்த. இவ என்ன புத்தியில்லாத மோடா, ஊருக்குக் கேக்கப் போடுறத்துக்கு?"

றம்ஸியா வாய் திறக்கப் போனாள். நபீஸா விடவில்லை.

"இந்த ஊட்டுல என்ட தம்பிட நாப்பதாம் கத்தம் ஓதேலா. கத்தம் என்ட ஊட்டுல. செட்டும் என்ட ஊட்டுக்கு வருது."

றம்ஸியாவின் முகம் அப்போதுதான் வெளிறியது. சொந்தக் கணவனுக்காக நாற்பதாம் நாள் ஓதும் கத்தம் வேறு வீட்டில் நடந்தால் இத்தாக்காரி அங்கே போக முடியாது.

"செட்டக் கொண்டு போங்க மதினி. கத்தத்த மட்டும் இஞ்ச ஓதுங்க. அவர் இருந்த ஊடு இது."

"ஆரு வருவாங்க உன்ட ஊட்டுக்கு? லெவ்வ ஓதுறத்துக்கு நீ பக்கப்பாட்டுப் போடுவியா?"

சபியா உம்மா தலையை ஆட்டிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள். அதுவே தீர்ப்பாகிவிட்டது.

றம்ஸியா செட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தானே குனிந்து வயரைக் கழற்றிச் சுருட்டினாள்.

"மதினி, ஒண்டு மட்டும் செய்ங்க. ஊட்டுக்குக் கொண்டு போனதும் பிளக்கக் குத்தி வைங்க. அவர் பாத்துப் பாத்து வச்ச சத்தமெல்லாம் அதுக்குள்ள இரிக்கி. கரண்ட் இல்லாமக் கிடந்தா அழிஞ்சிரும்."

"செட்டு வைக்கிறத்துக்கு எனக்கு இவ படிப்பிக்கிறா," என்றாள் நபீஸா. ஆனால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பிளக்கைக் குத்தினாள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி, ஹோலில் ஒரு குட்டை மேசைமேல் செட் உட்கார்ந்தது.

கத்தத்தன்று ஆண்கள் முன் பந்தலிலும் பெண்கள் ஹோலிலும் நிறைந்திருந்தார்கள். ஓதி முடிந்ததும் நபீஸா, தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் றம்ஸியாவின் கதையை மறுபடியும் பரிமாறினாள்.

"கையச் சுட்டுப் போட்டுது, கேளுங்க. இஞ்ச கொண்டு வந்த நாள்லரிந்து எங்கட ஆக்கள்ல ஒருத்தர் சுண்டு வெரலால தொட்டிரிப்பாங்களா? மௌத்துக்கு ஒரு மரியாத இரிக்கி. அதெல்லாம் ஊடு வளத்த வளப்பு."

பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சோற்றுச் சஹன்கள் உள்ளே வந்தன. பெண்கள் வட்டமாக உட்கார இடம் மாறினார்கள். சபியா உம்மாவுக்கு முழங்கால் எழும்ப விடவில்லை. பக்கத்தில் கைக்கு எட்டியது அந்தச் செட்தான். அதில் கையை ஊன்றி எழும்பினாள்.

எழும்பியவள் ஊன்றிய கையை எடுக்கவில்லை. மற்றக் கையையும் அதன்மேல் வைத்தாள்.

"நபீஸா, இஞ்ச வா புள்ள. நீயும் தொட்டுப் பாரு."

நபீஸா சிரித்துக்கொண்டே வந்து தொட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. அதே தேத்தண்ணிக் கோப்பை.

"என்ன பாட்டும்மா போட்ட?" என்று கேட்டாள் சபியா உம்மா. "தம்பிட கத்தத்தண்டு கேக்கிற மாதிரி நல்ல பாட்டா?"

சஹனில் வைத்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. "நான் தொடவே இல்ல" என்ற வார்த்தை நபீஸாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை ஏற்கெனவே ஒருத்தி சொல்லி, இவளே காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தாள். பிளக்கைக் குத்தி வைக்கச் சொன்ன றம்ஸியாவின் தாழ்ந்த குரல் இப்போதுதான் அவள் காதில் முழுசாக விழுந்தது.

எல்லாக் கண்களும் தன்மேல் இருக்க, நபீஸா செட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அது... பிளக் குத்தியிரிந்தா, பாட்டுப் போடாட்டியும் சூடாத்தான் இரிக்கும் மாமி."