நாலு விரல் உயரம்

சைக்கிள் கடைக்காரர் குருநாதன் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, மணிமொழியைச் சைக்கிளில் ஏறி உட்காரச் சொன்னார்.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உடம்புக்கு ஏற்றபடி சைக்கிளைச் சரிசெய்து தருகிற கடை அரியலூரில் வந்திருக்கிறது என்று மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் சுவாதி சொன்னபோது சிரித்தவள்தான். அதெல்லாம் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு. கல்லங்குறிச்சியிலிருந்து வேலைக்கு வந்துபோகிறவளுக்கு எதற்கு?

ஆனால் முட்டி விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் தொடங்கிய வலி. இப்போது படி இறங்கக் கைப்பிடி வேண்டியிருந்தது.

கணவன் கலைவாணன் தினமும் தைலம் தேய்த்துவிடுவான். "உனக்கு ஏன் இந்தப் பாடு? வேலைய வுட்டுரு" என்பான், தேய்த்துக்கொண்டே.

இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாக மருந்துக்கடையில் சொல்லியும்விட்டாள்.

குருநாதன் பெடலை அடிவரை இறக்கி, அவள் கால் மடங்கியிருப்பதைப் பார்த்தார்.

"சீட்டு நாலு விரல் எறங்கிக் கெடக்குங்க. இதுல மிதிச்சா முட்டி என்னத்துக்கு ஆவும்?"

ஏற்ற முடியாது என்றாள். போன வருடமே கேட்டுப் பார்த்தாயிற்று. கலைவாணன் அரை மணி நேரம் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிவிட்டு, சீட்டுத் தண்டு துருவேறி இறுகிப்போனது என்றான். வியர்வையில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது அன்று.

குருநாதன் போல்ட்டைத் திருகினார். லேசாகக் கழன்று வந்தது. சீட்டுத் தண்டு மட்டும் அசையவில்லை.

தின்னர் நனைத்த துணியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். கறுப்பு பெயிண்ட் துணியோடு வந்தது.

"துரு இல்லீங்க இது. சுத்தி வெல்டிங் வச்சு, மேல பெயிண்ட் அடிச்சிருக்கு. யாரு வச்சா?"

மணிமொழி இறங்கிக் குனிந்து பார்த்தாள். துளி பிசிறில்லாமல் தண்டைச் சுற்றி ஓடியிருந்தது அந்த வேலை. விக்கிரமங்கலத்திலிருந்துகூட ஆட்கள் கேட், கிரில் என்று தேடி வருவது இந்தக் கைக்காகத்தான்.

"எங்க வூட்டுக்காரரு" என்றாள். "பட்டறை வச்சிருக்காரு."

குருநாதன் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"அறுத்தா தடம் தெரியும்ங்க."

"தெரியட்டும்" என்றாள் மணிமொழி. "அறுங்கண்ணே."