பதின்மூன்றுக்கு எதிரே ஆறு

"பதினாறு. எதிராளி பத்து."

"எடு."

"பன்னெண்டு. எதிராளி நாலு."

"தொடாதே, நில்லு."

"ரெண்டு எட்டு வந்தா?"

"ரெண்டு கையாப் பிரி. எப்பவும் பிரி. கேக்கிறதைக் கொஞ்சம் கஷ்டமாக் கேளுடி நெட்டச்சி!"

செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணி. ஒரு பெரிய ஓட்டலின் நிலவறையில் இருக்கும் சலவைக்கூடம். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மடிப்புக்கு ஒரு கேள்வி. துணியின் முனைகள் ஒன்றுசேர்வதற்குள் பதில் வந்துவிட வேண்டும். கேள்வி கேட்பவள் நெட்டச்சி. சட்டம் போட்டு, பதில் சொல்பவள் மூத்தவள். சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. பதினோரு வருடமாகச் துணி தேய்க்கும் சூட்டு உருளைக்கு விரிப்புகளைக் கொடுக்கிறவள். உருளை மூன்று முறை அவளுடைய முன்கையைச் சுட்டிருந்தது. இருமல் மட்டும் இந்த வருடம் புதிதாக வந்து சேர்ந்தது.

சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கியது. பிளாக்ஜாக் சீட்டாட்டத்துக்கான கட்டங்கள். கையில் உள்ள சீட்டுகளைக் கூட்டினால் இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் போச்சு. எப்போது இன்னொரு சீட்டு எடுப்பது, எப்போது நிற்பது என்பதை நெட்டச்சியின் தம்பி இணையத்தில் தேடி எடுத்துத் தந்திருந்தான். இடப்பக்கம் 'நீ', மேலே 'எதிராளி' என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தான். பச்சைக் கட்டம் என்றால் எடு. சிவப்பு என்றால் நில்.

"இவ்வளவு மண்டையை உடைச்சுக்கணுமா அக்கா? வர்ற சீட்டைப் பாத்து, மனசுக்குத் தோணினபடி ஆடினா ஆகாதா?"

"மனசுக்குத் தோணினபடி ஆடுறவங்கதான் மேல தினமும் துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் போறாங்க. தன் சீட்டை மட்டும் பாக்கிறவன் மடையன். எதிராளியோட சீட்டைப் பாக்கணும். அங்க சின்னச் சீட்டு கிடந்தா, அவன் எடுத்து எடுத்துத் தானாவே வெடிப்பான். நாம கையைக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும்."

"அடேங்கப்பா, வாத்தியாரம்மா! மேல போனதும் எங்களையெல்லாம் மறந்துடாதே."

"முதல்ல வெள்ளிக்கிழமை நல்லபடியா முடியட்டும். அடுத்ததைக் கேளு."

வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு இரண்டாவது மாடி. அங்கே சீட்டு மேசைகள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து கீழே வரும் கைத்துண்டுகளைத்தான் பதினோரு வருடமாகத் துவைக்கிறார்கள். மேசையைக் கண்ணால் பார்த்தவர் சலவைக்கூடத்தில் ஒருவரும் இல்லை.

அக்காவின் வீட்டிலும் பாடம் நிற்கவில்லை. குழாய் வேலை செய்யும் கணவர் முகம் மழிக்கப் போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்னொரு தாளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என் முகம் தெரியலை, கட்டம்தான் தெரியுது. இந்த வயசுல உனக்குச் சீட்டு தேவையா?"

"இந்த வயசுலதாங்க தேவை. இன்னும் அஞ்சு வருஷம் அந்த ஆவியில நின்னா, கடைசியில என்னைத்தான் மடிச்சு வைக்கணும்."

"அதுக்கு வேற வழியே இல்லையா?"

"நிலவறையில இருந்து மேல போக எனக்குத் தெரிஞ்ச வழி இதான்."

அவர் போய்க் கண்ணாடியிலிருந்து தாளைப் பிய்த்தார். அதை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "சரி சொல்லு. பதினஞ்சு. எதிராளி ஏழு."

"எடு."

வியாழக்கிழமை இருநூறு கேள்வி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கரைச்சுக் குடிச்சிட்டே அக்கா. நாளைக்கு உன்னை அசைக்க ஆளே கிடையாது" என்றாள் நெட்டச்சி.

இரண்டாவது மாடியில் கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கியது. நெட்டச்சியிடம் இரவல் வாங்கிய கறுப்புச் செருப்பு அக்காவுக்கு ஒரு விரல் நீளம் அதிகம். பச்சைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறக் கோட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

முதல் நான்கு ஆட்டங்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. அவளுக்கு இருபது, பத்தொன்பது, பதினெட்டு, மறுபடி இருபது. இருமல்கூட வரவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் அவளுக்குப் பதின்மூன்று.

உடனே கண் எதிர்ப்பக்கம் போனது. ஆறு மல்லாந்து கிடந்தது. பதின்மூன்றுக்கு எதிரே ஆறு. எந்த வரிசை, எத்தனையாவது கட்டம், என்ன நிறம் என்று மூன்றும் ஒரே நொடியில் தெரிந்தன.

"நிக்கிறேன்" என்றாள் தெளிவாக.

பின்னால் நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதைப் பாத்து நின்னீங்க?" என்று கேட்டார் கோட்டுக்காரர்.

"உங்க ஆறைப் பாத்துதான் சார். ஆறுக்கு எதிர்ல பதிமூணு வச்சுக்கிட்டு எடுக்கக் கூடாது."

"யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"நானே படிச்சேன் சார். மூணு மாசம்."

"ரொம்பச் சரியாப் படிச்சிருக்கீங்க. இங்க ஆட வர்றவங்கள்ல நூத்துல ஒருத்தருக்குக்கூட இது தெரியாது."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. அவர் எழுந்து, அவள் கையிலிருந்த சீட்டுக்கட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ஆனா அது ஆட வர்றவங்களுக்கான பாடம்மா. நீங்க கேட்டு வந்த வேலையில, இந்தப் பக்கம் நின்னு சீட்டுப் போடுற ஆளுக்கு யோசனையே கிடையாது, பதினேழு வர்ற வரைக்கும் எடுத்தே ஆகணும்."

சீட்டுப் போடும் அந்த வேலை, பிளாக்ஜாக்கை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்த வாசல் காவலர் ஒருவருக்குக் கிடைத்தது.